படையெடுத்து வரும் வேற்றுக் கிரகத்தாரும் விட்டுப்போன கணக்குகளும்

வேற்றுக் கிரகத்தார் பூமியின்மேல் படையெடுக்கும் கதைகள் இன்று நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டன. மேல்நாட்டுத் தொடர்களும் திரைப்படங்களும் தமிழில் மொழிமாற்றம் பெற்றுத் தொலைக்காட்சியில் ஓடுகின்றன. கள்ளக்குறிச்சிப் பகுதியில் இயற்பியல் கற்பிக்கும் என்னிடம், கல்வராயன் மலையடிவாரச் சிற்றூர்களிலிருந்து படிக்க வரும் மாணவர்கள் பாடநூலைப் பற்றிக் கேட்பதைவிட இப்படங்களைப் பற்றிக் கேட்பதே மிகுதி. "இது நடக்குமா, சார்?" என்பதே அவர்கள் கேள்வி.

"இதெல்லாம் கட்டுக்கதை" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. அப்படி ஒதுக்கினால் நல்லதொரு வாய்ப்பு கைநழுவிப் போகும். "அறிவியல் படம் அல்லவா, எல்லாம் சரியாகத்தான் இருக்கும்" என்று நம்பிவிடுவதோ அதைவிடத் தீது. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது கணக்குப் போட்டுப் பார்ப்பது. இக்கட்டுரையில் அவ்வழியில் சில படங்களை ஆராய்வோம்.

உரிமை, பிழை, ஓட்டை

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வேற்றுக் கிரகத்தில் அறிவுள்ள உயிர்கள் உண்டு என்பதும், அவை விண்மீன்களுக்கு இடையிலுள்ள தொலைவைக் கடந்து வந்தன என்பதும் கதாசிரியர் எடுத்துக்கொள்ளும் உரிமை. அதை நாம் மறுக்கக் கூடாது. மறுத்தால் கதையே இல்லை. வெற்றிடத்தில் வெடியோசை கேட்பது போன்றவை பிழைகள். அவற்றைச் சுட்டிக்காட்டலாம், ஆனால் அவற்றால் கதை கெட்டுப்போவதில்லை.

மூன்றாவதாகச் சொல்லவேண்டியது கதை ஓட்டை. கதை தானே விதித்துக்கொண்ட விதியைத் தானே மீறுவதுதான் ஓட்டை. "ஒரு பொய்யைச் சொல், அதன் விளைவுகளை எல்லாம் மெய்யாகச் சொல்" என்பதே அறிவியல் புனைகதையின் இலக்கணம் எனலாம். எந்தப் படத்தையும் இந்த அளவுகோலால் அளந்துவிடலாம்.

ஏன் வந்தார்கள்?

1983 மே மாதம் 1, 2 தேதிகளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'வி' என்னும் தொடர் ஒளிபரப்பாயிற்று. கென்னத் ஜான்சன் எழுதி இயக்கியது. 50 மாபெரும் விண்கலங்கள் உலக நகரங்களின்மேல் வந்து நிற்கின்றன. வந்தவர்கள் நட்புக் கரம் நீட்டுகிறார்கள். ஆனால் அவர்களின் மெய்யான நோக்கம் பூமியின் தண்ணீரைக் கொள்ளையடிப்பதும், மனிதர்களை உணவாகக் கொள்வதுமே. மக்கள் எவ்வாறு ஒரு கொடுங்கோலாட்சிக்குப் பணிகிறார்கள் என்பதைக் காட்டிய வகையில் அது சிறந்த தொடர்தான். ஆயினும் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம்.

பூமியின் ஈர்ப்பிலிருந்து விடுபட ஒரு பொருளுக்கு விநாடிக்கு 11.2 கி.மீ. வேகம் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு, அதாவது ஒரு கிலோகிராம் நிறைக்கு, அவ்வேகத்தைக் கொடுக்க 6 கோடி ஜூலுக்கு மேல் ஆற்றல் தேவை. மின்சாரக் கணக்கில் சொன்னால் 17 யூனிட்டுக்கு மேல். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆற்றின் குறுக்கே, கச்சிராயபாளையம் அருகே ஓர் அணை இருக்கிறது. அதன் கொள்ளளவு சுமார் 56 கோடி கன அடி. பெரிய அணைகளின் வரிசையில் வைக்கத் தக்கதன்று. அந்தச் சிறிய அணையின் நீரை மட்டும் விண்வெளிக்கு ஏற்ற 27,000 கோடி யூனிட்டுக்கு மேல் செலவாகும். தமிழ்நாடு முழுவதும் ஓராண்டில் பயன்படுத்தும் மின்சாரத்தைப்போல் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு!

இவ்வளவு செலவிட்டாவது தண்ணீர் வேண்டும் என்றால், பூமிக்கு ஏன் வரவேண்டும்? வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவின் பனிப்பரப்புக்கு அடியில், பூமியின் கடல்கள் அனைத்தையும்போல் இரு மடங்கு நீர் இருக்கலாம் என மதிப்பிடுகிறார்கள். சனியின் துணைக்கோளான என்சலாடஸ் நீராவியையும் பனித்துகளையும் தானாகவே விண்வெளியில் பீய்ச்சியடிக்கிறது. இதைக் காசினி விண்கலம் 2005-இல் கண்டறிந்தது. அங்கே குடத்தை நீட்டினால் போதும். கொள்ளையும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். சூரிய மண்டலத்தின் வெளிப்புறத்திலிருந்து உள்ளே வரும் எவரும் இவற்றைக் கடந்தே பூமிக்கு வரவேண்டும். வழியில் ஏரி நிறைந்திருக்க, ஊர் நடுவிலுள்ள கிணற்றுக்குத் தகராறு செய்வானேன்?

தங்கம், இரும்பு, எரிபொருள் என்று நோக்கத்தை மாற்றினாலும் முடிவு மாறாது. நமக்குத் தெரிந்த 118 தனிமங்களில் இயற்கையில் கிடைப்பவை பூமிக்கு மட்டும் உரியவை அல்ல. பேரண்டம் எங்கும் இரும்பு இரும்புதான்.

அப்படியானால் பூமியில் மட்டும் கிடைப்பது எது? இக்கேள்விக்கு ஒரு பழைய தமிழ்ப் படம் விடை சொல்லியிருக்கிறது. 1963 ஏப்ரலில் வெளிவந்த 'கலை அரசி'யே அது. ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பி. பானுமதியும் நடித்தது. ககாரின் விண்வெளி சென்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம்; தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்ப இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன. அறிவியலில் மேம்பட்டும் கலைகளில் பின்தங்கியும் இருக்கும் ஒரு கிரகத்தார், தங்களுக்கு இசை கற்பிக்கப் பூமியிலிருந்து ஒரு பாடகியைக் கடத்திச் செல்கிறார்கள். கடத்திச் செல்லும் தின் என்னும் வேற்றுக் கிரகத்தானாக எம். என். நம்பியார் நடித்தார்.

இப்படத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. வேற்றுக் கிரகத்தார் அச்சாக மனிதர்களைப்போல் இருக்கிறார்கள், தமிழும் பேசுகிறார்கள். ஆனால் நோக்கத்தை நோக்குங்கள். தண்ணீரை எங்கும் எடுக்கலாம். ஓர் இராகத்தை எங்கும் எடுக்க முடியாது. அது ஒரு குறிப்பிட்ட நிலத்தில், குறிப்பிட்ட மக்கள் பல தலைமுறைகளாகப் பாடிப் பாடி உண்டாக்கியது. "பாட்டைப் பதிவு செய்துகொண்டு போயிருக்கலாமே" என்று கேட்கத் தோன்றும். அவர்களுக்கு வேண்டியது பாட்டன்று, பாட்டைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர். அதற்கு ஆள்தான் வேண்டும். கோடிக்கணக்கில் செலவிட்டுப் பின்னால் வந்த படங்கள் பல சறுக்கிய இடத்தில், கருப்பு வெள்ளைப் படம் ஒன்று உறுதியாக நின்றிருக்கிறது.

2024 பொங்கலுக்கு வெளிவந்த 'அயலான்' படத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆர். இரவிக்குமார் இயக்கி, சிவகார்த்திகேயன் நடித்தது. தங்கள் உலகுக்குரிய 'ஸ்பார்க்' என்னும் கல் பூமியில் விழுந்து தீயவர் கையில் சிக்கிவிட, அதை மீட்க ஒரு வேற்றுக் கிரகத்தான் தனியாளாக வருகிறான். இங்கும் நோக்கம் ஏற்கத்தக்கதே. தொலைந்த பொருள் எங்கே கிடக்கிறதோ அங்கேதானே தேட வேண்டும்? படையெடுப்பவர் வேற்றுக் கிரகத்தார் அல்லர், பூமியைக் குடைந்து பணமாக்க முயலும் மனிதரே என்று கதையைத் திருப்பியதும் பாராட்டத்தக்கது.

எவ்வளவு பெரிது?

இனிக் காட்சி வடிவமைப்புக்கு வருவோம். திரையில் வியப்பூட்டுவதற்கு எளிய வழி, எதையும் பெரிதாக்கிக் காட்டுவது. 1996-இல் வந்த 'இண்டிபெண்டன்ஸ் டே' இவ்வகையில் முன்னோடி. அதில் வரும் தாய்க்கலத்தின் குறுக்களவு 550 கி.மீ.க்கு மேல், நிறையோ நிலவின் நிறையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு என்று படத்திலேயே கூறுகிறார்கள்.

இவ்விரண்டு எண்களையும் வைத்து ஒரு பத்தாம் வகுப்பு மாணவர் அடர்த்தியைக் கண்டுவிடலாம். நிலவின் நிறை 7.35-ஐ 10-இன் 22-ஆம் படியால் பெருக்கிவரும் கிலோகிராம். அதில் நான்கில் ஒரு பங்கை 550 கி.மீ. குறுக்களவுள்ள முழுக் கோளத்தின் கனஅளவால் வகுத்தால், தண்ணீரைப்போல் ஏறக்குறைய 210 மடங்கு அடர்த்தி வருகிறது. தங்கத்தின் அடர்த்தியே தண்ணீரைப்போல் 19 மடங்குதான். அதாவது தாய்க்கலம் கட்டித் தங்கத்தைவிடப் பதினொரு மடங்கு அடர்ந்த பொருளால், துளி இடைவெளியும் இல்லாமல், அடைபட்டிருக்க வேண்டும். ஆனால் படத்தின் இறுதியில் கதாநாயகர்கள் ஒரு சிறு கலத்தில் ஏறி அதன் உட்புறத்திலுள்ள பரந்த வெளியில் பறந்து செல்கிறார்கள்! பூமியின் இயற்பியலைக் கொண்டு நாம் வம்பு செய்யவில்லை. படம் சொன்ன எண்ணே படம் காட்டிய காட்சியை மறுக்கிறது. ஓட்டை என்பது இதுதான்.

அத்தனை நிறையுள்ள பொருள் பூமியருகே வந்தால் கடல் சும்மா இருக்குமா? கடலில் ஓதத்தை எழுப்பும் விசை, நிறைக்கு நேர் விகிதத்திலும் தொலைவின் மும்மடிக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். அத்தாய்க்கலம் நிலவின் தொலைவில் ஒன்பதில் ஒரு பங்கில் வந்து நிற்பதாகக் கொள்வோம். ஒன்பதின் மும்மடி 729. அதில் நான்கில் ஒரு பங்கு 182. ஆக, நிலவைப்போல் 180 மடங்குக்கு மேற்பட்ட விசை. அதன்பின் நகரங்களை அழிக்கத் தனி ஆயுதம் எதற்கு? கடலூரிலிருந்து நியூயார்க் வரை கடலே பார்த்துக்கொள்ளும்.

அப்படத்தில் நகரங்களின்மேல் வந்து நிற்கும் கலங்கள் ஒவ்வொன்றும் சுமார் 24 கி.மீ. அகலம். அதன் ஒரு விளிம்பு கள்ளக்குறிச்சியின் மேல் நின்றால், மறு விளிம்பு கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கல்வராயன் மலைச்சரிவைத் தொடும். அதன் நிழல் நகரங்களின்மேல் மெல்லப் படர்ந்து வருவதைப் படத்தில் காட்டியிருப்பது உண்மையிலேயே சிறந்த காட்சி. கலத்தை முழுதாகக் காட்டுவதற்கு முன் நிழலைக் காட்டியதால் அதன் பருமன் நமக்கு உறைக்கிறது.

நிழலை நினைத்தவர்கள் எடையை மறந்துவிட்டார்கள். கலத்தின் சராசரித் தடிமன் ஒரு கிலோமீட்டர் என்றும், உள்ளே பெரும்பகுதி வெற்றிடமாக இருப்பதால் அடர்த்தி தண்ணீரில் பத்தில் ஒரு பங்கே என்றும் தாராளமாகவே கொள்வோம். அப்போதும் அதன் நிறை சுமார் 4,500 கோடி டன். அதை வானத்தில் தாங்குவது எது? காற்றைக் கீழ்நோக்கித் தள்ளி நிற்கிறது என்றால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அவ்வளவு எடையும் கடைசியில் கீழேயுள்ள நிலத்தின்மேல்தான் இறங்கும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 10 கிலோகிராம் கூடுதல் சுமை. ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டன்! கூரை, மரம், மாடு, மனிதர் எதுவும் மிஞ்சாது. படத்திலோ மக்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். தலைமுடிகூடக் கலையவில்லை.

"அவர்களிடம் ஈர்ப்பை வெல்லும் கருவி இருக்கலாமே" என்பீர்கள். இருக்கட்டும், அது கதாசிரியரின் உரிமை. ஆனால் ஈர்ப்பையே அடக்கத் தெரிந்தவர்கள், சிறு போர் விமானங்களில் வந்து நம் விமானங்களோடு துரத்திப் பிடித்து விளையாடுவது ஏன்? ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் வரும் ஒரு கிலோகிராம் கல், இரோஷிமாவில் வீழ்ந்த குண்டைப்போல் ஏழு மடங்கு ஆற்றலைச் சுமந்து வரும். விண்மீன்களுக்கு இடையே பயணம் செய்ய அறிந்தவர்களுக்கு ஆயுதம் என்று ஒன்று தனியாக வேண்டியதில்லை. கொடுத்த உரிமையின் விளைவைக் கதை கணக்கிடாதபோது போர்க் காட்சிகள் அனைத்தும் பொருளற்றுப் போகின்றன.

என்ன வடிவம்?

வேற்றுக் கிரகக் கலம் என்றாலே தட்டு வடிவம் நினைவுக்கு வருவது ஏன்? 1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்டு என்னும் அமெரிக்க விமானி, ரெய்னியர் மலையருகே விரைந்து சென்ற சில பொருள்களைக் கண்டதாகக் கூறினார். தண்ணீரில் எறிந்த தட்டு தத்திச் செல்வதுபோல் அவை சென்றன என்று அவற்றின் ஓட்டத்தையே அவர் வருணித்தார். நாளிதழ்கள் அதை வடிவமாக எடுத்துக்கொண்டு 'பறக்கும் தட்டு' எனப் பெயர் சூட்டிவிட்டன. ஓர் உவமையைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவை முக்கால் நூற்றாண்டாகத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

மெய்யான விண்கலங்கள் அழகுக்காக வடிவம் பெறுவதில்லை, வேலைக்காகப் பெறுகின்றன. 1969-இல் நிலவில் இறங்கிய அமெரிக்கக் கலம் எட்டுக்கால் பூச்சிபோல் கோணல்மாணலாக இருந்தது. காற்றே இல்லாத இடத்தில் வழவழப்பான உடல் எதற்கு? 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கிய நமது சந்திரயான்-3-இன் விக்ரம் கலமும் நான்கு கால்கள் பொருத்திய பெட்டிதான். கால் சாய்ந்திருப்பது இறங்கும்போது கவிழாமலிருக்க. பக்கங்களில் பலகைகள் இருப்பது சூரிய ஒளியை மின்சாரமாக்க. எந்த உறுப்பைச் சுட்டி "இது ஏன்?" என்று கேட்டாலும் விடை உண்டு. அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். கள்ளக்குறிச்சியும் 2019-இல் தனி மாவட்டமாகும்வரை விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது என்பதை நம் மாணவர்கள் நினைவில் கொள்ளலாம்.

வேற்றுக் கிரகத்தாரின் உடல் வடிவத்திலும் இதே கேள்வியைக் கேட்கலாம். பெரிய தலை, பெரிய கண்கள், மெலிந்த உடல் என்னும் அச்சு, 1977-இல் ஸ்பீல்பெர்க் எடுத்த படத்திலிருந்து 'அயலான்' வரை பெரிதும் மாறவில்லை. பெரிய கண் எதற்குப் பயன்படும்? மங்கிய ஒளியைச் சேர்க்கப் பயன்படும். நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செந்நிறமான ஒரு மங்கல் விண்மீன்தான். அத்தகைய ஒளியில் வளர்ந்த கண்கள் சித்திரை வெயிலில் கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் என்ன பாடுபடும்!

இதை நன்கு உணர்ந்தவர்கள் 'வி' தொடரை எடுத்தவர்களே. அவர்களின் வேற்றுக் கிரகத்தார் மனித முகமூடி அணிந்தவர்கள். வெளிச்சம் ஆகாது என்பதால் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார்கள். குரலில் ஓர் எதிரொலி கலந்திருக்கும். செலவு மிகக் குறைவு. ஆயினும் "இவர்கள் வேறொரு சூரியனின் கீழ்ப் பிறந்தவர்கள்" என்பதை அந்தக் கண்ணாடி ஒன்றே சொல்லிவிடுகிறது. தண்ணீர்க் கணக்கில் தவறிய தொடர், கண்ணாடிக் கணக்கில் தேறிவிட்டது.

உருவத்தைப் பெரிதாக்கும் படங்கள் வேறொன்றை மறக்கின்றன. ஓர் எறும்பை நீள அகல உயரங்களில் 1,000 மடங்கு பெரிதாக்கினால், அதன் எடை 100 கோடி மடங்காகும். கால்களின் குறுக்குப் பரப்போ 10 லட்சம் மடங்குதான் ஆகும். ஆகவே காலின் ஒவ்வொரு புள்ளியும் 1,000 மடங்கு பளுவைத் தாங்க வேண்டும், கால் ஒடிந்துபோகும். கலிலியோ 1638-இலேயே இதை விளக்கிவிட்டார். யானையின் கால் மானின் கால்போல் இல்லாமல் தூண்போல் இருப்பதன் காரணமும் இதுவே. எறும்பை அப்படியே பெரிதாக்கி ஓடவிடும் ஓவியர், யானையை ஒருமுறை உற்றுப் பார்த்திருந்தால் போதும்.

எப்படித் தோற்கிறார்கள்?

வந்தவர்கள் வலியவர்கள் என்றால் முடிவில் அவர்களை வீழ்த்துவது கடினம். பெரும்பாலான கதைகள் இங்கேதான் ஓட்டையாகின்றன. எச். ஜி. வெல்ஸ் 1898-இல் நூலாக வெளியிட்ட 'உலகங்களின் போர்' இன்றும் வழிகாட்டியாக நிற்கிறது. செவ்வாய்க்காரர்களை மனிதர் வெல்லவில்லை. பூமியின் நுண்ணுயிர்கள் வெல்கின்றன. நாம் பல தலைமுறைகளாக நோயுற்று, இறந்து, எதிர்ப்பாற்றல் பெற்றோம், அவர்கள் பெறவில்லை. வேறோர் உலகத்திலிருந்து வந்தவர்கள் என்ற அடிப்படையிலிருந்தே முடிவு பிறக்கிறது. டாஸ்மேனியத் தீவின் பழங்குடிகளை ஐரோப்பியர் அழித்ததை வெல்ஸ் முதல் இயலிலேயே நினைவூட்டுகிறார். படையெடுப்பு என்பது வானத்திலிருந்து மட்டும் வருவதன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

2002-இல் வந்த 'சைன்ஸ்' படத்தை இதனோடு ஒப்பிடுக. அதில் வேற்றுக் கிரகத்தாருக்குத் தண்ணீர் பட்டால் உடல் வெந்துபோகும். ஆனால் மேற்பரப்பில் 71 விழுக்காடு நீராலான கிரகத்துக்கு அவர்கள் உடையும் கவசமும் இல்லாமல் வருகிறார்கள். நம்மூர்க் கோடைக் காற்றின் ஒரு கன மீட்டரிலேயே சுமார் 20 கிராம் நீராவி இருக்கும். கல்வராயன் மலையில் ஒரு மார்கழி இரவு, பனியில் நின்றாலே போதும்; விடிவதற்குள் படையெடுப்பு முடிந்துவிடும். வெல்ஸின் முடிவும் இதுவும் மேலோட்டமாக ஒன்றுபோல் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத கிருமியை அறியாமல் வந்தது நம்பத்தக்கது. விண்வெளியிலிருந்தே நீலமாகத் தெரியும் கடலைக் காணாமல் வந்தது நம்பத்தகாதது.

'இண்டிபெண்டன்ஸ் டே'யில் தாய்க்கலத்தின் கணிப்பொறியில் நம்மவர் ஒரு நச்சுநிரலைச் செலுத்தி வெல்கிறார்கள். இங்கே ஓர் அலைபேசியின் மின்னேற்றி இன்னோர் அலைபேசிக்குப் பொருந்துவதற்கே எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை எண்ணிப் பாருங்கள்!

பார்ப்பவர் கடமை

இவ்வாறு குறை காண்பது படத்தின் சுவையைக் கெடுத்துவிடாதா என்று சிலர் கருதலாம். கெடுக்காது. இராகம் அறிந்தவர் கச்சேரியைக் கூடுதலாக அனுபவிப்பதுபோல், கணக்கு அறிந்தவர் நல்ல படத்தைக் கூடுதலாக அனுபவிப்பார். கறுப்புக் கண்ணாடியின் அருமையும், நிழல் காட்சியின் நயமும், 'கலை அரசி'யின் நோக்கத்திலுள்ள நுட்பமும் அவருக்கே விளங்கும். மேலும், பெரிய எண்ணையும் பளபளக்கும் படத்தையும் காட்டி நம்மை நம்பவைப்பது திரைப்படத்தோடு நின்றுவிடுவதில்லை. விளம்பரமும் வதந்தியும் அதே வழியில்தான் வருகின்றன. திரையில் கேள்வி கேட்டுப் பழகியவர் அங்கும் கேட்பார்.

ஆகவே அடுத்த முறை தொலைக்காட்சியில் ஒரு விண்கலம் வந்து இறங்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவர்கள் தேடி வந்த பொருள் இங்கே மட்டுந்தான் கிடைக்குமா? இவ்வளவு பெரிய பொருள் இங்கே நின்றால் சுற்றியுள்ள காற்றும் கடலும் என்ன ஆகும்? இந்த உறுப்பு இந்த வடிவில் இருப்பதற்குக் காரணம் என்ன? விடைகளைக் கணக்கிட ஒரு தாளும் பென்சிலும் பத்தாம் வகுப்பு இயற்பியலும் போதும். மாணவ நண்பர்கள் தொடக்கமாக ஒன்றைச் செய்து பார்க்கலாம்: 24 கி.மீ. அகலமுள்ள கலம் ஒன்று 2 கி.மீ. உயரத்தில் உங்கள் ஊருக்கு நேர்மேலே நின்றால், காலை எத்தனை மணி வரை உங்கள் வீட்டு முற்றத்தில் வெயில் விழும்?